அம்மா அந்தச் சீட்டைப் பார்க்கவே இல்லை: ஈவிஎம்மை எதை வைத்து நம்புவது?

மலர்விழி (இழையைத் தொடங்கியவர்)

கட்சிச் சண்டைக்காக இதை ஆரம்பிக்கவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன தேர்தலில் அம்மாவை ஓட்டுப்போட அழைத்துப்போனேன். அவருக்கு 71 வயது. வெளியே வந்ததும் "சீட்டு வந்ததா, சின்னம் சரியாக இருந்ததா" என்று கேட்டேன். "எந்தச் சீட்டு? பீப் சத்தம் கேட்டது, வந்துவிட்டேன்" என்றார். ஓட்டு யாருக்கு விழுந்தது என்று சீட்டு அச்சிட்டுக் காட்டும் விவிபேட் பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னால் அந்தச் சீட்டு 7 நொடி நிற்கும், அப்புறம் அறுந்து பெட்டிக்குள் விழுந்துவிடும். கண்ணாடியும் கறுப்பாக இருக்கிறது. நானே குனிந்து பார்த்துத்தான் சின்னத்தைக் கண்டுபிடித்தேன்.

வாக்காளர் கண்ணால் பார்த்து உறுதிசெய்யத்தான் அந்தப் பெட்டி என்கிறார்கள். பார்க்காமலே வருகிறவர்கள் எத்தனை பேரோ. மெஷினை மாற்றிவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. மாற்றவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறேன். வேலை பார்த்தவர்கள், விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பூத் ஏஜென்ட் 87

சகோதரி, நான் 2001-லிருந்து வாக்குச்சாவடியில் கட்சி ஏஜென்டாக உட்காருகிறேன். தமிழ்நாடு முழுக்க மெஷினில் ஓட்டுப்போட்ட முதல் சட்டமன்றத் தேர்தல் அதுதான். அன்றைக்கு எனக்கும் பயம் இருந்தது. எங்கள் எதிர்க்கட்சிக்காரருக்கும் இருந்தது. மெஷினை எதிர்த்து அதிமுக உயர் நீதிமன்றம் வரை போன காலம் அது.

பயம் எப்படிப் போனது என்றால், காலையில் நடக்கும் மாதிரி வாக்குப்பதிவைப் பார்த்துப் பார்த்துத்தான். ஓட்டுப்பதிவு தொடங்க ஒன்றரை மணி நேரம் முன்னாடியே போய்விடவேண்டும். குறைந்தது 50 ஓட்டு, நோட்டாவையும் சேர்த்து எல்லாப் பட்டனையும் ஏஜென்டுகளே அமுக்குவோம். எதற்கு எத்தனை என்று நான் நோட்டில் கோடு போட்டு வைப்பேன். அப்புறம் பதிவை முடிக்கும் க்ளோஸ் பட்டன், கணக்கைக் காட்டும் ரிசல்ட் பட்டன். விவிபேட் சீட்டையும் எடுத்து எண்ணிப் பார்ப்போம். ஒத்துப்போனால்தான் க்ளியர் பட்டனால் மாதிரி ஓட்டை அழித்து, சீல் வைத்து, எங்களிடம் கையெழுத்து வாங்குவார்கள். மெஷினில் வைக்கும் பச்சை பேப்பர் சீலின் எண்ணையும் குறித்துக்கொள்வேன். இத்தனை வருடத்தில் என் பூத்தில் ஒரு ஓட்டு மாறி விழுந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். சின்னக் கட்சிகளுக்கும் சுயேச்சைகளுக்கும் பல பூத்தில் ஏஜென்டே கிடையாது. பெரிய கட்சி ஏஜென்டுகளும் டீக்குப் போய்விட்டு, மாதிரி வாக்குப்பதிவு முடிந்தபிறகு வந்து கையெழுத்து மட்டும் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் சோதனை வெறும் சடங்காகிவிடுகிறது.

ஓசூர் எம்பெடட்

சின்ன சர்க்யூட் போர்டுகளுக்கு புரோகிராம் எழுதுவதுதான் என் பிழைப்பு, அதனால் மெஷினுக்குள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஈவிஎம்மில் வைஃபை, புளூடூத், சிம் எதுவும் கிடையாது. பேட்டரியில் ஓடும் ஒரு கணக்குப் பெட்டி அது. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பெல்), ஹைதராபாத் ஈசிஐஎல், இரண்டும் பொதுத்துறை நிறுவனங்கள், அவைதான் தயாரிக்கின்றன. (நமக்கெல்லாம் எழுத்தாளர் சுஜாதாவாகத் தெரிந்த ரங்கராஜன் பெல்லில் இருந்தபோது இதை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்தவர்.) ஆகவே "ஓடிபி வந்தது, மெஷினைத் திறந்துவிட்டார்கள்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். மெஷினுக்கு ஓடிபியே கிடையாது.

அதற்காக "ஒன்றுமே செய்யமுடியாது" என்று சொன்னாலும் ஏற்கமாட்டேன். 2010-ல் ஹைதராபாத்தின் ஹரி பிரசாத், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஹால்டர்மேன், நெதர்லாந்தின் ராப் கோங்கிரைப் மூன்று பேரும் ஒரு நிஜ மெஷினை வைத்தே செய்துகாட்டினார்கள். முடிவு காட்டும் டிஸ்ப்ளே போர்டைக் கழற்றிவிட்டு அதே மாதிரி இன்னொன்றைப் பொருத்தினால், உள்ளே பதிவானது ஒன்று, வெளியே தெரிவது வேறொன்று. இன்னொரு சின்னக் கருவியை மெமரி சிப்பின்மேல் கிளிப் மாதிரி மாட்டிப் பதிவான ஓட்டையே மாற்றினார்கள். அந்த மெஷினை யார் கொடுத்தது என்று சொல்ல மறுத்ததற்காக ஹரி பிரசாத் கைதானார். குறையைக் காட்டியவரைப் பிடித்து உள்ளே வைத்தது எனக்கு இன்றைக்கும் வருத்தமான விஷயம்.

ஆனால் கவனியுங்கள், இரண்டுக்குமே மெஷினைத் திறந்து கை வைக்கவேண்டும். ஆக கேள்வி சிப்பைப் பற்றியது மட்டும் அல்ல, மெஷின் யார் கையில், எந்த அறையில், எத்தனை நாள் இருக்கிறது என்பதுதான். அப்புறம், விவிபேட் வந்தபிறகு புதிதாக ஒரு படி சேர்ந்திருக்கிறது. வேட்பாளர் பெயரும் சின்னமும் தேர்தலுக்குச் சில நாள் முன்னால் சின்னம் ஏற்றும் கருவி வழியாக விவிபேட்டில் ஏற்றப்படுகின்றன. பழைய மெஷினுக்கு எந்த பட்டன் யாருக்கு என்றே தெரியாது. இப்போது ஒரு பகுதிக்குத் தெரியும். முன்னாள் ஐஏஎஸ் அதிகாரி கண்ணன் கோபிநாதன் 2019-லிருந்து கேட்டுவரும் கேள்வி இது. அதைக் கட்டுக்கதை என்று தள்ளமுடியாது.

வேளச்சேரி வாசி

யார் கையில் என்று கேட்டீர்கள் அல்லவா. 2021 ஏப்ரல் 6 அன்று எங்கள் தொகுதியில் மெஷின்களை ஸ்கூட்டரில் வைத்து எடுத்துப்போனார்கள். மக்கள் மடக்கிப் பிடித்தார்கள். முதலில் பயன்படுத்தாத மெஷின் என்றார்கள், கடைசியில் பார்த்தால் ஒரு விவிபேட்டில் 15 ஓட்டு பதிவாகியிருந்தது. 92-ஆம் எண் வாக்குச்சாவடியில் ஏப்ரல் 17 அன்று மறு வாக்குப்பதிவு நடத்தினார்கள். 2019-ல் மதுரையில் மெஷின் வைத்திருந்த மருத்துவக் கல்லூரி வளாகத்துக்குள் அனுமதி இல்லாமல் ஒரு வட்டாட்சியர் போய் வந்தது உயர் நீதிமன்றம் வரை போனது. 2024-ல் நீலகிரியில் மெஷின்களைப் பூட்டிவைத்த ஸ்ட்ராங் ரூமில் சிசிடிவி திரை சுமார் 20 நிமிடம் இருண்டது, வெயில் சூட்டில் கருவி பழுதானது என்றார்கள்.

இவை மூன்றுமே மோசடி என்று நான் சொல்லமாட்டேன். அலட்சியமாகவே இருக்கட்டும். ஆனால் பூட்டுமேல் பூட்டு, துணை ராணுவம், இரவு பகல் கேமரா என்று சொல்லிச் சொல்லி நம்பச்சொல்கிறவர்கள் அலட்சியமாக இருக்கக்கூடாது. ஒரு ஸ்கூட்டர் படம் நூறு விளக்க அறிக்கையை அழித்துவிடும்.

பழைய வாக்குப்பெட்டி

இவ்வளவு தலைவலி எதற்கு, பழைய வாக்குச்சீட்டுக்கே போய்விடலாம். ஜெர்மனியில் 2009 மார்ச்சில் அரசியல் சட்ட நீதிமன்றமே சொல்லிவிட்டது, சிறப்பு அறிவு இல்லாத சாதாரணக் குடிமகன் தானே சரிபார்க்க முடியாத மெஷினில் வாக்குப்பதிவு நடத்தியது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று. அயர்லாந்து 7,500 மெஷின் வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தாமலே 2012-ல் பழைய சாமானாகத் தள்ளிவிட்டது. நெதர்லாந்தும் சீட்டுக்குத் திரும்பியது. அவர்களைவிட நமக்கு என்ன பெரிய நம்பிக்கை?

தேனி வாத்தியார்

ஐயா, நான் பள்ளி ஆசிரியர். வாக்குச்சாவடி தலைமை அலுவலராக மெஷினிலும் உட்கார்ந்திருக்கிறேன், சீட்டிலும் உட்கார்ந்திருக்கிறேன். நம் ஊரக உள்ளாட்சித் தேர்தல் சீட்டில்தானே நடக்கிறது. 2019 டிசம்பரில் ஒரு வாக்காளருக்கு நான்கு சீட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். ஜனவரி 2 காலையில் எண்ண ஆரம்பித்தோம், மறுநாள் வந்தும் முடியவில்லை. முத்திரை இரண்டு கட்டத்துக்கு நடுவில் விழுந்த சீட்டு யாருக்கு என்று இரண்டு தரப்பும் மேசையைச் சுற்றி நின்று கத்தும்போது, தூக்கமில்லாத மனிதன் தீர்ப்பு சொல்லவேண்டும். செல்லாத ஓட்டு என்று எத்தனை ஏழைகளின் ஓட்டை ஒதுக்கி வைத்திருக்கிறோம். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சங்கடமாக இருக்கும்.

2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதி ஞாபகம் இருக்கிறதா? 49 ஓட்டு வித்தியாசம். வழக்கு மெஷினைப் பற்றி மட்டுமா? முக்கியச் சண்டையே தபால் ஓட்டு, அதாவது காகிதம். சான்றொப்பம் போட்ட தலைமை ஆசிரியர் அதற்குத் தகுதியானவரா இல்லையா என்று ஆண்டுக்கணக்கில் போனது. 1996 மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர்கள் நின்று வாக்குச்சீட்டே புத்தகம் மாதிரி ஆனதையும் நாம் பார்த்தோம்.

மெஷினிலும் தப்பு வரும். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் மனிதத் தப்பு. விடியற்காலை எழுந்து, மாதிரி வாக்குப்பதிவு முடித்து, வெளியே வரிசை நிற்கிறது, மண்டல அலுவலர் போன் மேல் போன் போடுகிறார், அந்த அவசரத்தில் க்ளியர் அமுக்க மறந்தால் மாதிரி ஓட்டும் நிஜ ஓட்டோடு சேர்ந்துவிடும். 2019-ல் ஆந்திரா மைதுகூரில் ஒரு சாவடியில் மெஷின் கணக்கும் சீட்டுக் கணக்கும் ஒத்துவராததற்கு இதுதான் காரணம் என்று தேர்தல் ஆணையம் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது.

பூத் ஏஜென்ட் 87

வாத்தியார் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நான் இளைஞனாக இருந்தபோது பெட்டிக்குள் மை ஊற்றுவார்கள், சீட்டுக் கட்டை மொத்தமாகக் குத்தித் தள்ளுவார்கள் என்று வட மாநிலச் செய்தி வராத தேர்தல் இல்லை. மெஷின் வந்ததும் ஒரு ஓட்டுக்கும் அடுத்த ஓட்டுக்கும் நடுவில் அலுவலர் பட்டனை அமுக்கித் திறந்துவிட்டால்தான் பதிவாகும். கட்டுக்கட்டாகக் குத்தமுடியாது. அந்த நன்மையை மறந்து பேசக்கூடாது.

ஸ்கார்பரோ தம்பி

நான் இருக்கிற கனடாவில் கூட்டாட்சித் தேர்தல் இன்றைக்கும் காகிதம்தான், பென்சிலால் குறித்து, அந்தந்த வாக்குச்சாவடியிலேயே கையால் எண்ணுகிறார்கள். அதே நான் ஒன்டாரியோ மாகாணத் தேர்தலுக்குப் போனால் காகிதத்தில் குறித்து, அதை ஒரு மெஷினுக்குள் விடவேண்டும். மெஷின் எண்ணும், காகிதம் உள்ளே பத்திரமாக இருக்கும், சந்தேகம் வந்தால் நீதிபதி முன்னால் கையால் எண்ணலாம். ஆக மெஷினா காகிதமா என்று சண்டைபோட வேண்டியதில்லை என்று எனக்குப் படுகிறது. இந்தியாவிலும் விவிபேட் பெட்டியில் காகிதம் இருக்கிறதே அண்ணா, அதை ஏன் எண்ணமாட்டேன் என்கிறார்கள்?

கணக்கு டீச்சர்

தம்பி கேட்டதுதான் சரியான இடம். நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2013-ல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் விவிபேட் தேவை என்றது. 2014-ல் 8 மக்களவைத் தொகுதிகளில் வந்தது, அதில் மத்திய சென்னை ஒன்று. 2019-ல் நாடு முழுக்க. முதலில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஒரே ஒரு சாவடியின் சீட்டைத்தான் எண்ணுவதாக இருந்தது. 21 எதிர்க்கட்சித் தலைவர்கள் 50 சதவீதச் சீட்டை எண்ணவேண்டும் என்று வழக்குப் போட்டார்கள், நீதிமன்றம் 5 சாவடி ஆக்கியது. இன்றைக்கும் அந்த 5-தான்.

அந்த 5 போதுமா? 300 சாவடி உள்ள ஒரு தொகுதியில் 6 சாவடியில் கணக்கு தப்பாக இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குலுக்கலில் எடுக்கும் 5-ல் அந்த 6-ல் ஒன்றாவது வந்து மாட்டுவதற்கு வாய்ப்பு சுமார் 10 சதவீதம். பத்தில் ஒன்பது தடவை தப்பித்துவிடும். ஆனால் இதே அளவு தப்பு தமிழ்நாட்டின் 234 தொகுதியிலும் நடந்தால்? மொத்தம் 1,170 பெட்டி திறக்கிறோம், மாட்டாமல் இருக்கவே முடியாது. அதனால்தான் "மாநிலம் முழுக்க, நாடு முழுக்க மெஷினை மாற்றி ஜெயித்தார்கள்" என்ற பேச்சை நான் நம்புவதில்லை. யார் ஜெயித்தாலும் தோற்றாலும் நம்பமாட்டேன்.

என் கவலை ஒற்றைத் தொகுதி. 2021-ல் தியாகராய நகரில் வித்தியாசம் 137 ஓட்டு. மொடக்குறிச்சியில் 281. அங்கே தப்பு நடந்தது என்று சொல்லவே இல்லை, அளவைப் பாருங்கள் என்கிறேன். 137-ஐப் புரட்ட 69 ஓட்டு மாறினால் போதும். அது ஒரே ஒரு சாவடியில் நடக்கலாம், வேண்டுமென்றே கூட வேண்டாம், வாத்தியார் சொன்ன மாதிரி மனிதத் தப்பிலும் நடக்கலாம். 250 சாவடியில் அந்த ஒன்று குலுக்கலில் வர வாய்ப்பு 2 சதவீதம். ஆக ஒரு லட்சம் வித்தியாசத்தில் ஜெயித்த தொகுதிக்கும் 5, நூறு ஓட்டில் ஜெயித்த தொகுதிக்கும் 5 என்பது எந்தக் கணக்கிலும் நியாயம் இல்லை. வித்தியாசம் குறையக் குறைய அதிகப் பெட்டியைத் திறக்கவேண்டும். நூறு இருநூறு ஓட்டு என்றால் எல்லாப் பெட்டியையும். அப்படிப்பட்ட தொகுதி ஒரு தேர்தலுக்கு எத்தனை வந்துவிடப் போகிறது?

பழைய வாக்குப்பெட்டி

டீச்சர், உங்கள் கணக்கை ஏற்கிறேன். ஆனால் உச்ச நீதிமன்றத்தின் 2024 ஏப்ரல் 26 தீர்ப்பில் இதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களே?

கணக்கு டீச்சர்

முழுச் சீட்டையும் எண்ணவேண்டும், காகித வாக்குச்சீட்டுக்குத் திரும்பவேண்டும் என்ற கோரிக்கைகளை நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, தீபங்கர் தத்தா அமர்வு ஏற்கவில்லை. ஆனால் இரண்டு உத்தரவு போட்டது. சின்னம் ஏற்றும் கருவிகளை சீல் வைத்து முடிவு வந்து 45 நாள் வரை பாதுகாக்கவேண்டும். இன்னொன்று, தேர்தலில் இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் வந்தவர்கள் 7 நாளுக்குள் எழுதிக்கொடுத்தால் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 சதவீத மெஷின்களின் மெமரியைத் தயாரிப்பு நிறுவனப் பொறியாளர்கள் சரிபார்க்கவேண்டும், செலவை அவர்கள் கட்டவேண்டும், முறைகேடு இருந்தால் பணம் திரும்பும். 2024-ல் ஒரு மெஷின் செட்டுக்கு வரியோடு 47,200 ரூபாய். விருதுநகரிலும் வேலூரிலும் தோற்றவர்கள் விண்ணப்பித்தார்கள்.

ஆனால் அந்தச் சோதனையே மெஷினில் மறுபடி மாதிரி ஓட்டுப் போட்டுப் பார்ப்பதாகத்தான் அமைத்தார்கள். அன்றைக்குப் பதிவான ஓட்டையும் அன்றைக்கு விழுந்த சீட்டையும் ஒப்பிடுவது அல்ல. இன்றைக்கு மெஷின் நன்றாக ஓடுகிறது என்பது அன்றைக்கு என்ன பதிவானது என்பதற்குப் பதில் ஆகாது. தகவலை அழிக்காதீர்கள் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லவேண்டி வந்தது.

தேனி வாத்தியார்

நேரம் ஆகும் என்பதுதான் ஆணையத்தின் வாதம். 50 சதவீதம் எண்ணினால் முடிவு ஐந்தாறு நாள் தள்ளிப்போகும் என்று 2019-ல் சொன்னார்கள். எண்ணுகிற இடத்தில் இருந்தவன் சொல்கிறேன், நேரம் ஆவது உண்மைதான். ஒரு பெட்டிக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் கம்பிவலை போட்ட ஒரே ஒரு கூண்டில் ஒரு பெட்டி முடிந்து அடுத்த பெட்டி என்று எண்ணினால் ஐந்து நாள் என்ன, பத்து நாளும் ஆகும். மெஷின் எண்ண 14 மேசை போடுகிறோமே, அதே மேசைகளில் சீட்டையும் எண்ணினால்? ஆளும் இருக்கிறது, இடமும் இருக்கிறது.

அப்புறம் ஒரு ஹரியானா சங்கதி. பானிப்பட் பக்கம் ஒரு கிராமத் தலைவர் தேர்தல், 2022-ல் நடந்தது. ஒரு சாவடியில் அலுவலர் இரண்டு பேரின் ஓட்டையும் மாற்றி எழுதிவிட்டார், தோற்றவர் ஜெயித்தவராகிவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2025 ஆகஸ்டில் மெஷின்களை டெல்லிக்கே வரவழைத்து நீதிமன்ற வளாகத்தில் எண்ணினார்கள். 1,051-க்கு 1,000. முடிவு தலைகீழாகி, உண்மையாக ஜெயித்தவர் பதவிக்கு வந்தார். மெஷின் சரியாகத்தான் வைத்திருந்தது, மனிதன் எழுதிய காகிதம் தப்பு. ஆனால் பாருங்கள், மறுபடி எண்ணிப் பார்த்ததால்தானே தெரிந்தது? அந்த மனிதர் மூன்று வருடம் அலைந்தார்.

பூத் ஏஜென்ட் 87

இங்கேதான் 17சி வருகிறது. ஓட்டுப்பதிவு முடிந்து க்ளோஸ் அமுக்கியதும் மொத்தம் எத்தனை என்று படிவம் 17சி-யில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஏஜென்டுகளுக்கு நகல் தரவேண்டும். எண்ணும் நாளில் மெஷின் காட்டும் மொத்தம் அந்த எண்ணோடு ஒத்துப்போகிறதா, ஓட்டுக் கணக்கு பதிவாகும் கன்ட்ரோல் யூனிட்டின் எண் அதுதானா என்று எண்ணும் மேசை ஏஜென்ட் பார்க்கவேண்டும். மெஷினை மாற்றினால் அங்கே மாட்டிக்கொள்ளும். இதை எல்லாச் சாவடிக்கும் இணையத்தில் ஏற்றுங்கள் என்று 2024-ல் கேட்டபோது ஆணையம் மறுத்தது. எனக்குப் புரியவே இல்லை. என் சட்டைப்பையில் இருக்கிற காகிதம், அதை ஊர் பார்த்தால் என்ன கெட்டுப்போகும்?

ஓசூர் எம்பெடட்

அதோடு ஏழு நொடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீட்டு வாக்காளர் கைக்கு வந்து அவரே பெட்டியில் போடுகிற மாதிரி செய்தால் பாதிச் சந்தேகம் தீரும் என்று கேட்டவர்களும் அந்த 2024 வழக்கில் இருந்தார்கள். வெளியே எடுத்துப்போய்க் காட்டிப் பணம் வாங்குவார்கள் என்ற பயமும் நியாயமானது, நம் ஊர் நிலவரம் தெரியும். ஆனால் கண்ணாடியைத் தெளிவாக வைக்கலாம், விளக்கைச் சீட்டு விழும் வரை எரியவிடலாம். இதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. தப்பான சின்னம் வந்தது என்று வாக்காளர் புகார் சொன்னால் எழுதிக்கொடுத்து, எல்லார் முன்னாலும் சோதனை ஓட்டுப் போடவேண்டும். சோதனையில் சரியாக வந்துவிட்டால் பொய்ப்புகார் என்று வழக்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் தடவை தப்பாக வந்து இரண்டாவது தடவை சரியாக வந்தால் அந்த ஆள் என்ன செய்வார்? யார் துணிந்து வாயைத் திறப்பார்கள்?

தேனி வாத்தியார்

மலர்விழி அம்மா, உங்கள் தாயாருக்கு நடந்ததற்கு நான் பதில் சொல்லவில்லையே. வாக்குப்பதிவு மறைப்புக்கு நேர் மேலே பல்போ, ஜன்னல் வெளிச்சமோ பட்டால் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. நேரடி வெளிச்சம் பட்டால் விவிபேட் பழுதாகவும் செய்யும், 2018-ல் உத்தரப் பிரதேசத்தின் கைரானா இடைத்தேர்தலில் அப்படித்தான் ஏராளமாக நின்றுபோயின. அடுத்த முறை உள்ளே போனதும் "சீட்டுத் தெரியவில்லை, பெட்டியை நகர்த்தி வையுங்கள்" என்று தலைமை அலுவலரிடம் கேட்கச் சொல்லுங்கள். என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் செய்திருப்பேன். வரிசை நீளுகிறதே என்று "சீக்கிரம், சீக்கிரம்" என்று சொன்னவனும் நான்தான், அதுவும் மனதில் உறுத்துகிறது.

மலர்விழி

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு மொத்த இழையையும் படித்துக் காட்டினேன். கணக்கு டீச்சர் எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அம்மா 30 வருடம் ரேஷன் கடையில் எடையாளராக இருந்தவர். "தராசில் சந்தேகம் வந்தால் அவர்கள் முன்னாலேயே மறுபடி எடை போட்டுக் காட்டுவேன், கோபப்பட்டது இல்லை" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "ஏழு நொடி நிற்கும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நின்று பார்த்திருப்பேனே" என்றார்.

87 அண்ணா, ஏஜென்ட் இல்லாத சாவடியில் சாதாரண வாக்காளர் ஒருவர் 17சி எண்ணைத் தெரிந்துகொள்ள ஏதாவது வழி இருக்கிறதா? எங்கள் தெருவில் நான்கைந்து பேர் செய்யத் தயாராக இருக்கிறோம்.